நான் நேர்ந்தது மூத்தவனை

இந்தப் பக்கம் உக்காருங்க. அந்தப் பக்கம் சாத்தூர் வரைக்கும் வெயில் மூஞ்சியில அடிக்கும். பையை நான் மடியில வச்சுக்கிடுதேன், பரவாயில்ல. திருநெல்வேலிதானே போறிய? நானும் அங்கன இறங்கித்தான் திசையன்விளை பஸ் பிடிக்கணும்.

நீங்க என் கண்ணைப் பாக்கிய. என்ன ஏதுன்னு கேக்க நினைக்கிய, ஆனா கேக்க மாட்டிய, மரியாதைக்காரவிய. நானே சொல்லிருதேன். நான் அழலை. எனக்குக் கோவம் வந்தா கண்ணு சிவந்துரும், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். முப்பத்தோரு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவ நான். நேசம் டீச்சர் கண்ணு சிவந்துட்டுன்னா வகுப்பே மூச்சு விடாது.

யார் மேல கோவம்னு கேட்டா, எப்படிச் சொல்ல. ஆண்டவர் மேலதான்.

அப்படிப் பாக்காதிய. உங்க நெத்தியில பொட்டு இருக்கு, உங்களுக்கும் ஒரு சாமி இருக்கும். அந்தச் சாமி மேல உங்களுக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்லையா? வந்திருக்கும். வெளியில சொல்ல மாட்டிய. நானும் சொல்லுதவ இல்ல. எங்க சபையில நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி. வியாழக்கிழமை தோறும் வேதபாடம் எடுக்கது நான்தான். மத்த சபையில இருந்தெல்லாம் கூப்பிடுவாவ. சுய சித்தத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கதுன்னு ஒரு பாடம் வச்சிருக்கேன், ஏழு தலைப்பு. என் ஆசை, என் விருப்பம், என் திட்டம், எல்லாத்தையும் அவர் பாதத்துல வச்சிரணும், நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கிடணும். இதை நான் பேசினா பொம்பளைய சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைக்காம வீட்டுக்குப் போனதில்ல. அதனாலதான் சொல்லுதேன். ஒப்புக்கொடுக்கதுன்னா என்னன்னு தெரியாதவ இல்ல நான். மத்தவிய வாயால சொல்லுவாவ. நான் பிள்ளையையே கொடுத்தவ.

கேளுங்க.

கலியாணம் ஆகி அஞ்சு வருஷம் எனக்குப் பிள்ளை நிக்கலை. முதல்ல ஒண்ணு அஞ்சாம் மாசத்துலயே போயிட்டு. ரெண்டாவது ஒண்ணு பிறந்து ஒம்பது நாள் இருந்துது. பேர் கூட வைக்கலை. அந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கோயில்ல ஒரே கூட்டம். எல்லாரும் வாழைத்தார், தேங்கா, கோழின்னு கொண்டாந்து காணிக்கை படைக்காவ. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் அசனச் சாப்பாட்டுக்குப் போயிட்டாவ. நான் மட்டும் ஆல்டர் பீடத்துக்கு முன்னால போய் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, எனக்கு ஒரு ஆண் பிள்ளையைத் தாரும், அவனை உம்முடைய ஊழியத்துக்கே திருப்பித் தந்துருதேன், எங்க சபைக்கு ஐயரா நிப்பான்னு சொன்னேன். ஐயருன்னா எங்க பக்கம் போதகரைச் சொல்லுவோம், நீங்க வேற நினைச்சுக்கிடாதிய.

உங்களுக்கு நேர்ந்துவிடுதது தெரியும்லா? அதேதான். ஒண்ணு கவனிச்சியளா, நான் ஆண் பிள்ளைன்னு தெளிவாச் சொன்னேன்.

மறு வருஷமே பையன் பிறந்தான். அர்ப்பணராஜ்னு பேர் வச்சோம். அர்ப்பணம்னா கொடுத்துட்டோம்னு அர்த்தம். நாலு வயசுல வேத வசனம் அம்பது சொல்லுவான். ஞாயிறு பள்ளிப் போட்டியில எல்லாம் அவன்தான் முதல் பரிசு. வெள்ளை வேட்டியில ஒரு அங்கி தைச்சுக் கொடுத்திருந்தேன், அதைப் போட்டுக்கிட்டு வீட்டு முற்றத்துல பிரசங்கம் பண்ணுவான். எங்க தெருவுல எல்லாரும் அவனைச் சின்ன ஐயருன்னே கூப்பிடுவாவ.

அவனுக்கு மூணு வருஷம் கழிச்சு ஒரு பொம்பளப் பிள்ளை. ஹெப்சிபா. அவளை நான் கேக்கலை, அவளாத்தான் வந்தா. அவளுக்காக நான் ஒண்ணும் நேரவும் இல்ல. ஒருத்தன் ஆண்டவருக்கு, ஒருத்தி எனக்குன்னு நினைச்சேன். இது தப்பா? நியாயம்தானே?

அவ சத்தமே இல்லாத பிள்ளை. வீட்ல இருக்காளா இல்லையான்னே தெரியாது. காபி வந்துரும், துணி மடிச்சிருக்கும், அவிய அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வச்சிருக்கும், அதை வச்சுத்தான் ஹெப்சி வீட்ல இருக்கான்னு தெரியும். எங்க வீட்டுக் குடும்ப ஜெபத்துல நான்தான் ஜெபிப்பேன். மத்தவிய ஆமென் சொல்லுவாவ. அவ ஆமென் சொல்லுதது கூட எனக்குக் காதுல விழுந்ததில்ல.

சரி, பையன் கதைக்கு வாரேன். காலேஜ் முடிச்சான். ஊழியத்துக்கு ஆள் எடுக்க நேர்முகத் தேர்வு வைப்பாவ, பெரிய பெரிய ஐயர்மாரெல்லாம் வரிசையா உக்காந்திருப்பாவ. நான்தான் விண்ணப்பம் எழுதினேன், நான்தான் சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பினேன். உள்ள போனவன் என்ன சொன்னான் தெரியுமா? தம்பி உனக்கு ஆண்டவரோட அழைப்பு எப்போ வந்ததுன்னு கேட்டிருக்காவ. எனக்கு வரலை ஐயா, எங்க அம்மாவுக்குத்தான் வந்திருக்கு, அவங்களைச் சேத்துக்கிட முடியுமான்னு பாருங்கன்னு சொல்லியிருக்கான். அவ்வளவு பேரும் சிரிச்சிருக்காவ. அந்த மேசையில இருந்த ஒரு ஐயர் எனக்குத் தெரிஞ்சவிய, அவியதான் சொன்னாவ. என்கிட்டச் சொல்லும்போதும் அவியளுக்குச் சிரிப்பு அடங்கலை.

எனக்குச் சிரிப்பு வரலை. நீங்க சிரிக்காதிய.

வீட்டுக்கு வந்தான். என்னல இப்படிப் பண்ணிட்டன்னு கேட்டேன். பொய் சொல்லச் சொல்லுதியளாம்மான்னு கேட்டான். அதோட கோயம்புத்தூருக்குப் போயிட்டான். மோட்டார் பம்பு ரிப்பேர் பாக்கது, காயில் சுத்துதது, அப்படி ஒரு பட்டறை. கலியாணமும் அங்கனயே ஒரு நல்ல பிள்ளையாப் பாத்துக் கட்டிக்கிட்டான். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறான், குடிக்க மாட்டான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. எல்லாம் சரிதான். ஆனா பட்டறை போர்டுல அர்ப்பணத்தை வெட்டிட்டு வெறும் ராஜ்னு எழுதியிருக்கான். அதைப் பாத்தப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்.

நான் விடுவேனா? நான் வாக்குக் கொடுத்தவ. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன், தண்ணி கூடக் குடிக்க மாட்டேன். ஆண்டவரே, இவன் உமக்குச் சொந்தமானவன், அந்தப் பட்டறையை முடக்கிப் போடும், போக்கிடம் இல்லாம உம்மகிட்டயே திரும்பி வரப் பண்ணும்னு ஜெபிச்சேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்ல. ஆறு வருஷம்.

போன வருஷம் ஆடி மாசம் போன் வந்துது. மெஷின்ல கை மாட்டி வலது கையில ரெண்டு விரல் போயிட்டு.

நான் பட்டறையைத்தான் சொன்னேன். விரலைச் சொல்லலை. கேட்டியளா, விரலை நான் சொல்லவே இல்ல.

போனோம். ஆஸ்பத்திரியில கையைத் துணியால சுத்தித் தலையணை மேல வச்சிருந்தாவ. பக்கத்துல போய் உக்காந்தேன். நெத்தியைத் தடவிக் கொடுத்தேன். தடவிக்கிட்டே சொன்னேன், மக்கா, இப்பவாவது ஆண்டவர் சொல்லுததைக் கேளுன்னு. ஒரு தாய் சொல்ல வேண்டியதைத்தானே சொன்னேன்? அவன் என்னை ஒரு பார்வை பாத்துட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டான். அன்னைக்கு இருந்து போன்ல பேசினா சாப்டியளா, அப்பா நல்லா இருக்காவளா, அவ்வளவுதான். மூணாவது வார்த்தை கிடையாது.

மருமக அப்போ மாசமா இருந்தா. அதனால ஹெப்சியை அங்கன விட்டுட்டு நாங்க ஊருக்கு வந்தோம். அவ எங்க ஊர் பக்கத்துல ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை பாத்தா. லீவு போட்டுட்டு மூணு வாரம் அண்ணன் கூட இருந்தா. நான் செஞ்ச தப்பு அதுதான். அவளை அங்கன விட்டுட்டு வந்தேன் பாருங்க.

அந்த வார்டுல பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவர் இருந்திருக்கார். தறி ஓட்டினவராம். சர்க்கரை வந்து காலை எடுத்திருக்காவ, பாக்க ஒரு நாதி வரலை. இவ அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டும்போது அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பாளாம். ஒரு நாள் அவர் இவ கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்க சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லும்மான்னிருக்கார். இவளுக்கு வாய் விட்டு ஜெபிச்சுப் பழக்கமே இல்ல, நான்தான் சொன்னேனே. என்ன சொல்லன்னு தெரியாம, ஆண்டவரே இவரு பேரு மாரப்பன், இவரு இங்கன இருக்காருன்னு மட்டும் சொன்னாளாம். அவ்வளவுதான் ஜெபம். அது ஒரு ஜெபமா? தொடக்கம் இல்ல, முடிவு இல்ல. ஆனா அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதிருக்கார். மறுநாள் எதிர்க் கட்டில்காரர் கூப்பிட்டிருக்கார். அதுக்கு அடுத்த நாள் அவர் பொண்டாட்டி. இவ ஒவ்வொரு கட்டிலாப் போய்ப் பேரைச் சொல்லிச் சொல்லி நின்னிருக்கா. இதெல்லாம் பையன் அவிய அப்பாகிட்டச் சொன்னது. என்கிட்டதான் அவன் பேசுததில்லையே.

அந்தப் பெரியவர் செத்தப்போ இவதான் கூட இருந்திருக்கா.

ஊருக்கு வந்தா. ஒரு வாரம் கழிச்சு நான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்தா. அம்மா, நான் ஊழியத்துக்குப் படிக்கலாம்னு இருக்கேன்னா. எனக்கு முதல்ல விளங்கலை. என்ன ஊழியம்னேன். ஐயரா வரதுக்குன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஏட்டி, உனக்கு வாயே கிடையாதே, நீ எப்படி ஆயிரம் பேர் முன்னால பிரசங்கம் பண்ணுவேன்னு கேட்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா, ஆனா அங்கன ஒண்ணு புரிஞ்சுது, அதை இனி புரியாத மாதிரி இருக்க முடியலைன்னா. என்ன புரிஞ்சுதுன்னு நான் கேக்கலை. தை மாசம் உனக்கு நிச்சயம் வச்சிருக்கு, அதைப் புரிஞ்சுக்கோன்னு சொன்னேன்.

ஆமா, மாப்பிள்ளை பாத்து முடிச்சிருந்தோம். நல்ல பையன், தூத்துக்குடி துறைமுகத்துல வேலை. எங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளியே அவியளுக்கு ஒரு வீடு பாக்கலாம்னு கூட யோசிச்சிருந்தேன், அவ நினைச்ச நேரம் வந்து போகலாம்லா. எனக்கும் முட்டி வலி. இவ இல்லைன்னா எனக்கு யார் இருக்கா.

பொம்பளைய ஊழியம் செய்யக் கூடாதுன்னு நான் சொல்லலை, அதைத் தப்பா நினைச்சுக்கிடாதிய. எங்க சபையில இப்போ பொம்பளைய ஐயரா வாராவ, அங்கி போட்டு நற்கருணை கொடுக்காவ. நான் கூடத்தான் வாரா வாரம் பேசுதேன். விஷயம் அது இல்ல. நான் நேர்ந்தது இவளை இல்ல, அதான் விஷயம். ஒருத்தனைக் கொடுத்தோம்னா அவனை எடுக்கணும். அவன் வரலைன்னா அவனை வரவைக்கணும், ஆண்டவரால முடியாததா? அதை விட்டுட்டு நான் எனக்குன்னு வச்சிருந்ததுல கை வைக்கது என்ன நியாயம்?

அவ எதிர்த்துப் பேசலை. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை. சரி, விட்டுட்டான்னு நினைச்சேன். தை பிறந்து நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணுதாவ. என்ன டீச்சர், உங்க மக எங்க வீட்டுக்கு வந்து, எனக்கு இப்படி ஒரு எண்ணம் இருக்கு, மறைச்சு வச்சுக் கட்டிக்கிட மாட்டேன், நீங்க யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போறாளேன்னு. இவ தனியா பஸ் ஏறிப் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கா. அந்தம்மா சொல்லுதாவ, டீச்சர், ஐயருக்குப் பொண்டாட்டின்னா ஐயரம்மான்னு கூப்பிடலாம், பொண்டாட்டியே ஐயரா வந்தா என் மகனை ஊர்ல என்னன்னு கூப்பிடுவாவன்னு. நிச்சயம் நின்னு போச்சு.

அதை விடப் பெரிசு ஒண்ணு. படிக்கப் போறதுக்குப் பெத்தவங்க கையெழுத்து வேணும். நான் போட மாட்டேன்னு தெரியும். எங்க வீட்டுக்காரவிய போட்டிருக்காவ. அருமைநாயகம்னு அழகா, கோடு மேலேயே. முப்பத்து நாலு வருஷத்துல என்னைக் கேக்காம அவிய ஒரு இடத்துல கையெழுத்துப் போட்டது அது ஒண்ணுதான். ஏன் போட்டியன்னு கேட்டேன். பிள்ளை கேட்டுது, போட்டேன்னாவ. நான் உங்களுக்கு யாருன்னு கேட்டேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டு, நேசம், நீ ஆண்டவர்கிட்டக் கொடுத்துட்டேன் கொடுத்துட்டேன்னு சொல்லுத, ஆனா கொடுத்த பிறகும் கயித்தைக் கையிலயே வச்சிருக்கன்னாவ. இந்த மனுஷன் மின்சார வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவிய. வேதபாடத்துக்கு ஒரு நாள் வந்ததில்ல. எனக்குச் சொல்லித் தராவ.

எங்க ஐயர்கிட்டப் போனேன். அவியளாவது நியாயம் சொல்லுவாவன்னு பாத்தேன். டீச்சர், நீங்க ஒரு பிள்ளையைத் தாரேன்னு சொன்னிய, அவர் ஒரு பிள்ளையை எடுத்திருக்காருன்னு சொன்னாவ. சின்ன வயசு ஐயர், முப்பத்தஞ்சு கூட இருக்காது. நான் சொன்னேன், ஐயா, எதைக் கொடுத்தேன், எதை எடுத்தாருன்னு பாக்க வேண்டாமான்னு. அதுக்கு அவிய ஜெபம் பண்ணுவோமான்னு கேட்டாவ. வேண்டாம், நானே பண்ணிக்கிடுவேன்னு வந்துட்டேன்.

ஜூன் மாசம் ஊழியத்துக்குப் படிக்க மதுரைக் கல்லூரிக்குப் போயிட்டா. பஸ் ஸ்டாண்டுக்கு அவிய அப்பாதான் போனாவ. போகுமுன்னால என்கிட்ட வந்து முழங்கால் போட்டு, ஜெபிச்சு அனுப்புங்கம்மான்னா. நான் அடுப்புல குழம்பு இருக்குன்னு சொல்லிட்டேன். நிஜமாவே குழம்பு இருந்துது.

நாலு மாசம். அவ அப்பாவுக்குத்தான் போன் பண்ணுவா. நான் சமையல்கட்டுல இருந்துக்கிட்டே கேப்பேன். அம்மா எங்கன்னு கேப்பா போல, இருக்கா இருக்கான்னு அவிய சொல்லுவாவ. வியாழக்கிழமை பாடம் நான் நிறுத்தலை. அதே ஏழு தலைப்பு. முன்னை விட நல்லாவே எடுத்தேன்னு எல்லாரும் சொன்னாவ. வீட்டுக்கு வந்தா மட்டும் ஜெபிக்க வாய் வரலை. முழங்கால் போட்டா கோவம்தான் வருது. எதைக் கேட்டாலும் மாத்தித் தராரு. இவர்கிட்ட என்னன்னு கேக்க?

போன வாரம் எங்க வீட்டுக்காரவியளுக்கு ரத்தக் கொதிப்பு கூடித் தலை சுத்திட்டு. கீழ விழலை, சுவரைப் பிடிச்சுக்கிட்டாவ. டாக்டர் மாத்திரை மாத்திக் கொடுத்தாரு, சரியாப் போச்சு. ஆனா எனக்கு அப்பவே தெளிவாயிட்டு. இதுதான் ஆண்டவர் கொடுக்க அடையாளம், பிள்ளையைக் கூட்டிட்டு வரணும். அவியகிட்டச் சொன்னா விட மாட்டாவ. திருநெல்வேலியில அக்கா மக வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இன்னைக்கு விடியக்காலம் பஸ் ஏறினேன். அவியளுக்குத் தெரியாம நான் ஒரு இடத்துக்குப் போனது, ம், இதுவும் முதல் தடவைதான்.

பதினோரு மணிக்கு அந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேந்தேன். மதுரையில பெரிய வளாகம், மரமா இருக்கு. விடுதியில ஒரு அம்மா இருந்தாவ, ஹெப்சிபாவோட அம்மாவா, வாங்க வாங்கன்னு கூட்டிட்டுப் போய் அவ அறையிலயே உக்கார வச்சாவ. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி. அந்தம்மா சொல்லுதாவ, ராத்திரி பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கு ஏதும்னா உங்க மக கதவைத்தான் தட்டுதாவன்னு.

வகுப்புல இருந்து ஓடி வந்தா. மெலிஞ்சிருக்கா. அப்பாவுக்கு என்னம்மான்னுதான் முதல்ல கேட்டா. நான் எல்லாத்தையும் சொன்னேன். பஸ்ஸுல வரும்போதே வரிசையா யோசிச்சு வச்சிருந்தேன். அப்பாவுக்குத் தலை சுத்தினது, என் முட்டி, வீடு வெறிச்சோடிக் கிடக்கது, அண்ணன் பேசாதது, ஊர்ல கேக்கது. கடைசியில சொன்னேன், நான் ஆண்டவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன், நீ வீட்டுக்கு வரணும்னுதான் அவர் சொல்லுதாருன்னு.

சொன்னாரான்னு நீங்க கேக்கிய. சத்தமாச் சொல்லுவாராக்கும்? எனக்குத் தெரியும்லா.

நான் என்ன எதிர்பாத்தேன்னா, அழுவா, மாட்டேம்பா, அப்போ பிரின்சிபாலைப் பாக்கணும்னு இருந்தேன். அதுக்கும் பேச்சு தயாரா வச்சிருந்தேன். அவ அழலை. என் பக்கத்துல கீழ உக்காந்தா. என் முட்டி மேல கையை வச்சா. அம்மா, நீங்க வான்னா நான் வந்துருதேன்னா.

எனக்கு நம்ப முடியலை. வாரியான்னு கேட்டேன்.

வாரேம்மா. மனசுல ஒரு குறையும் வச்சுக்கிட மாட்டேன். நான் இங்கன வந்ததும் என் இஷ்டத்துக்கு இல்ல. திரும்பிப் போறதும் என் இஷ்டம் இல்லாமப் போகட்டும். ஒண்ணே ஒண்ணும்மா. ஆண்டவர் சொன்னார்னு சொல்லாதிய. நான்தான் சொல்லுதேன், எனக்கு நீ வேணும், வான்னு நீங்களே சொல்லுங்க. அது போதும்னா.

பாருங்க எப்படிப் பேசுதான்னு. இத்தனை வருஷம் வாயே திறக்காதவ.

அதுல என்ன கஷ்டம்? நாலு வார்த்தை. முப்பத்தோரு வருஷம் சத்தமாப் பேசிப் பேசியே தொண்டை காஞ்சவ நான். எனக்கு நீ வேணும், வா. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வரலை. என்னன்னு தெரியலை, வரவே இல்ல. அவதான் அப்புறம் எந்திரிச்சு, நீங்க சொல்லக் கூச்சப்படுதிய போலன்னு சொல்லிட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்து பெட்டியை இழுத்து, அலமாரியில இருந்து துணியை எடுத்து வைக்க ஆரம்பிச்சா. நாலு சேலை. ஒவ்வொண்ணா, மூலைக்கு மூலை சேத்து, கையால நீவி நீவி. கோவமா அடைக்கலை. அப்படி அடைச்சிருந்தாக் கூட நான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். எனக்குத் துணி மடிக்கது மாதிரியே மடிச்சா.

என்னால அங்கன உக்கார முடியலை. தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். தண்ணிப் பானை வராந்தாவுலயே இருந்துது. நான் அதைத் தாண்டி நடந்தேன். கேட்டைத் தாண்டி நடந்தேன். ஆட்டோக்காரன் எங்கம்மான்னு கேட்டான், பஸ் ஸ்டாண்டுன்னேன். ஆட்டோவுல வரும்போது ஆண்டவரை நல்லாக் கேட்டுட்டேன். உமக்கு ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையான்னேன். நேசம், எனக்கு இவ வேணும்னு ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாம்லா. நான் என்ன தர மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

சொல்லியிருப்பேன்தான். அது வேற.

கேட்டியளா, நான் விட்டுக் கொடுத்துட்டு வரலை. அதை மட்டும் நீங்க தெளிவாப் புரிஞ்சுக்கிடணும். இரு, படின்னு நான் சொல்லலை. வான்னும் சொல்லலை. எந்திரிச்சு வந்துட்டேன், அவ்வளவுதான். அடுத்த மாசம் திரும்பவும் வருவேன். அப்போ பிரின்சிபாலைப் பாப்பேன்.

போன் அடிக்குதா? என் போன்தான். மூணாவது தடவை. அவதான். நீங்க எடுத்துப் பேசுதியளா, அம்மா தூங்குதாவன்னு. வேண்டாமா? சரி, பொய் சொல்லச் சொல்லக் கூடாதுதான். இருங்க.

ஆங், சொல்லு. பஸ்ஸுல இருக்கேன். இல்ல, எந்த பஸ்னா, ஊருக்குப் போற பஸ்தான். விருதுநகர் தாண்டியாச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். முட்டி அப்படியேதான் இருக்கு. நீ ஏன் வாசல்ல நிக்க? வெயிலா இருக்கும், உள்ள போ. பெட்டியா? கட்டிட்டியா. நாலு சேலையுமா?

ஏட்டி, அதை எடுத்துத் திரும்ப அலமாரியில வச்சிரு. வைன்னா வை. நான் ஒண்ணும் சொல்லலை. ஆமா, நான்தான் சொல்லுதேன். வேற யாரும் சொல்லலை, நான்தான் சொல்லுதேன். அழாத. வகுப்பு இன்னும் இருக்கா? அப்போ போ, போய் உக்காரு. சாப்பிட்டியா? சாப்பிட்டுட்டுப் போ. வைக்கேன்.

என்ன அப்படிப் பாக்கிய? நான் சம்மதம் எல்லாம் கொடுக்கலை. பெட்டியிலயே கிடந்தா சேலை கசங்கிரும்லா, அதுக்குச் சொன்னேன்.